மேளத்துக்குக் கொடுத்த பணம் யார் கைக்குப் போனது?

(குடியிருப்போர் நலச் சங்கப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)

"விழாச் செலவுக் கணக்கைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பத்து நிமிடம் இருபது நிமிடமாகிவிட்டது. அன்று வர முடியாதவர்களுக்காக அதையே இங்கே எழுதித் தருகிறேன்.

தை மாதம் நம் வளாகத்துப் பிள்ளையார் கோயில் ஆண்டு விழாவுக்கு நாதஸ்வர மேளம் வைத்தோம். இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி என்று ஆறு பேர். ஏஜென்ட் ஒருவர் மூலம் பேசினோம். அவர் 35,000 கேட்டார். நான்தான் போனில் இரண்டு நாள் பேரம் பேசி 30,000க்கு முடித்தேன். செயற்குழுவில் அதைச் சொன்னபோது நீங்கள் கைதட்டினீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

விழாவன்று மதியம் சாப்பாட்டுப் பந்தியில் தவில்காரப் பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், நீங்க சேத்தியாத்தோப்பு பேங்க்ல நகைக்கடன் கவுண்டர்ல இருந்தீங்கல்ல?" என்றார். ஆமாம் என்றேன். அவருக்கு ஊர் அந்தப் பக்கம்தான். பழைய கதையெல்லாம் பேசிவிட்டு, "பணம் கைக்கு வந்துவிட்டதா?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "செட்டுக்கு 21,000னு பேசியிருந்தாரு சார். அப்பறம் பார்ட்டி அஞ்சாயிரம் குறைச்சுட்டாங்கன்னு சொல்லி 16,000 ஆக்கிட்டாரு."

அந்தப் பார்ட்டி நான்தான். நான் குறைத்த ஐயாயிரம் முழுவதும் அந்த ஆறு பேர் பங்கிலிருந்து போயிருக்கிறது. ஏஜென்டின் பங்கில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. 35,000 என்றாலும் அவருக்கு 14,000, 30,000 என்றாலும் அவருக்கு 14,000. அதில் வேன் வாடகை 2,500 அவர் கொடுத்திருக்கிறார். மீதி 11,500 அவருக்கு. விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து இரவு ஒன்பது வரை ஊதியும் அடித்தும் போன ஆறு பேருக்குச் சராசரியாக ஆளுக்கு 2,667 ரூபாய்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் ஏஜென்டுக்கு போன் செய்து கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "சார், நான் கமிஷன் ஏஜென்டுன்னு உங்ககிட்ட எப்ப சொன்னேன்? உங்களுக்கு ஒரு ரேட்டு சொன்னேன், நீங்க ஒத்துக்கிட்டீங்க. அவங்களுக்கு ஒரு ரேட்டு சொன்னேன், அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. இதுல என்ன தப்பு?" என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. தப்பு, நாம் அவர் யார் என்று கேட்காமல் விட்டதில் தொடங்குகிறது. அதைத்தான் உங்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

கலைஞருக்கும் நமக்கும் நடுவில் நிற்பவர்களை நாம் எல்லாரையும் "ஏஜென்ட்" என்கிறோம். கணக்குப் பார்த்தால் அவர்கள் மூன்று வகை.

முதல் வகை, தரகு ஏஜென்ட். இவர் கலைஞருக்காக வேலை பிடிப்பவர். நாம் கொடுக்கும் தொகை கலைஞரின் பணம். அதில் இத்தனை சதவீதம் என்று முன்பே பேசிய தரகு மட்டும் இவருக்கு. வெளிநாட்டு இசை நிகழ்ச்சிகளில் இந்த வகை ஏஜென்டுக்குப் பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம் வரை கொடுக்கிறார்கள். நிகழ்ச்சி நடத்துபவர் பாதித் தொகையை முன்பணமாக ஏஜென்டிடம் கட்டுவதும், நிகழ்ச்சி முடிந்தபின் ஏஜென்ட் தன் தரகைக் கழித்துக்கொண்டு மீதியைக் கணக்கோடு கலைஞருக்குக் கொடுப்பதும் அங்கே வழக்கம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இந்தத் தொழிலுக்கு அரசு உரிமமே வேண்டும்.

இரண்டாம் வகை, ஒப்பந்தக்காரர். கலைஞரிடம் ஒரு விலைக்கு வாங்கி நம்மிடம் ஒரு விலைக்கு விற்பவர். இடையில் உள்ளது தரகு அல்ல, லாபம். காய்கறிக் கடைக்காரர் கொள்முதல் விலையை நம்மிடம் சொல்ல வேண்டியதில்லை அல்லவா, அதுபோல இவரும் சொல்ல வேண்டியதில்லை. மெல்லிசைக் குழு, மைக் செட், மேடை, விளக்கு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசுபவர்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

மூன்றாம் வகை, மேலாளர். ஒரு கலைஞரின் தொழில் வாழ்க்கை முழுவதையும் கவனிப்பவர். எந்தக் கச்சேரியை ஒப்புக்கொள்வது, எதை மறுப்பது, எதை இலவசமாகச் செய்வது என்று முடிவெடுப்பவர். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவுக்கு அவர் கணவர் சதாசிவம் அப்படி இருந்தார். அம்மா நற்பணிகளுக்காகப் பாடிய ஏராளமான கச்சேரிகளுக்குப் பின்னால் சதாசிவத்தின் ஏற்பாடு இருந்தது. நம் பக்கத்துச் சிறிய செட்டுகளுக்கு அப்படி ஒருவர் கிடையாது. பெரிய நாயனக்காரரே மேலாளர், அவர் பையில் இருக்கும் சின்ன டைரிதான் அலுவலகம்.

நம் ஆள் இரண்டாம் வகை. நாம் அவரை முதல் வகை என்று நினைத்துக்கொண்டோம். கலைஞர்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார்கள்.

பி.காம். படித்தவர்களுக்கு வணிகச் சட்டப் பாடம் நினைவிருக்கும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 182ஆம் பிரிவு முதல் ஏஜென்சி பற்றிய பகுதி. ஒருவர் உண்மையிலேயே ஏஜென்ட் என்றால் அவருக்குச் சில கடமைகள் உண்டு. 213ஆம் பிரிவுப்படி கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும். 216ஆம் பிரிவுப்படி, தன்னை நியமித்தவருக்குத் தெரியாமல் அந்த வேலையில் தன் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்தால், அந்த ஆதாயத்தை நியமித்தவர் கேட்டு வாங்கலாம். 217, 218ஆம் பிரிவுகளின்படி, பெற்ற பணத்தில் தனக்கு நியாயமாக வர வேண்டிய செலவையும் தரகையும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் வேலை முடிந்த பிறகுதான் தரகு என்கிறது 219. இந்தப் பாதுகாப்பு எதுவும் ஒப்பந்தக்காரரிடம் கிடையாது. "நீங்கள் யார் சார்பில் பேசுகிறீர்கள்?" என்ற ஒரு கேள்வியை நாம் கேட்டிருந்தால் போதும், எல்லாம் தெளிவாகியிருக்கும்.

ஏஜென்டைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். வைகாசியில், ஆவணியில் பெரிய முகூர்த்த நாளில் எந்தச் செட்டுக்குத் தேதி இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். முதல் நாள் இரவு தவில்காரருக்குக் காய்ச்சல் என்றால் விடிவதற்குள் இன்னொருவரைக் கொண்டுவருவது அவர். விழா முடிந்ததும் பணம் தராமல் இழுத்தடிக்கும் கமிட்டிகளின் பின்னால் அலைவதும் அவர்தான். இந்த வேலைக்கெல்லாம் கூலி உண்டு. கொடுக்கவும் வேண்டும். அது எவ்வளவு என்று மூன்று தரப்புக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது என் கவுண்டரிலிருந்து நான் பார்த்தது. சேத்தியாத்தோப்புக் குறுக்குரோட்டில் நாலு திசைக்கும் பஸ் கிடைக்கும். சிதம்பரம், விருத்தாசலம், வடலூர், கும்பகோணம் என்று எந்தப் பக்கம் கல்யாணம் என்றாலும் அங்கிருந்து ஏறிவிடலாம். முகூர்த்தக் காலத்தில் விடியற்காலையில் தவில் உறையோடு நிற்பவர்களைப் பார்க்கலாம். கல்யாணம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அதே ஆட்கள் எங்கள் வங்கிக்கு நகையோடு வருவார்கள். ஆவணியிலோ மாசியிலோ வந்து மீட்பார்கள். அடகு வைக்க நகை இல்லாதவர்கள் ஏஜென்டிடம் போவார்கள். அவர் வட்டி கேட்க மாட்டார். "சீசனில் பத்துத் தேதி எனக்கு வேண்டும்" என்று மட்டும் சொல்வார்.

வட்டி இல்லாத கடன் என்று அது பார்வைக்குத் தோன்றும். ஒரு உதாரணக் கணக்குப் போடுங்கள். ஒருவர் 20,000 வாங்குகிறார். ஆறு மாதத்துக்குள் பத்துத் தேதிகளில் வாசித்துக் கழிக்க வேண்டும். வெளியே கிடைக்கும் கூலியைவிடத் தேதிக்கு 500 ரூபாய் குறைவு. பத்துத் தேதிக்கு 5,000. ஆறு மாதத்துக்கு 25 சதவீதம், ஆண்டுக்கு 50 சதவீதம். கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் அதிகம். நகைக்கடனுக்கு வங்கி வட்டி அதிகம் என்று சண்டை போட்ட மனிதர்கள் இதைச் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். காரணம், இதில் வட்டி என்ற சொல்லே வரவில்லை. இப்படிக் கட்டுப்பட்டவரால் 21,000 ஏன் 16,000 ஆனது என்று கேட்க முடியாது. கேட்டால் அடுத்த ஆடிக்கு யாரிடம் போவது?

வரி பற்றியும் ஒரு வார்த்தை. நாட்டுப்புற, செவ்வியல் கலை வடிவங்களில் இசையோ நடனமோ நாடகமோ நிகழ்த்தும் கலைஞருக்கான கட்டணம் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் ஜி.எஸ்.டி. கிடையாது. நாதஸ்வரம் அதில் வரும். சினிமாப் பாட்டு மெல்லிசைக் குழு வராது. விலக்கு கலைஞருக்குத்தான், நடுவில் இருப்பவருக்கு அல்ல. யாராவது நாதஸ்வரக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் போட்டால், அது யாருடைய பில், பதிவு எண் இருக்கிறதா என்று நம் பொருளாளர் பார்க்க வேண்டும்.

இனி என்ன செய்யலாம்? பொதுக்குழுவில் நான் முன்வைத்த யோசனைகள் இவை.

ஒன்று, பேசும்போதே கேட்போம்: நீங்கள் தரகரா, ஒப்பந்தக்காரரா? தரகர் என்றால் கலைஞரின் கட்டணத்தையும் தரகையும் தனித்தனியாக எழுதித் தரட்டும். அதையும் 10 முதல் 15 சதவீதத்துக்குள் பேசி முடிப்போம்.

இரண்டு, ஒரு பக்கத் தாளில் ஒப்பந்தம். தேதி, நேரம், எத்தனை பேர், பயணச் செலவு யாருடையது, யார் ரத்து செய்தால் முன்பணம் என்னாகும் என்று எழுதிப் பெரிய நாயனக்காரரும் கையெழுத்திட வேண்டும். வாய்ப்பேச்சும் சட்டப்படி ஒப்பந்தம்தான். ஆனால் தகராறு வந்தால் வாய்ப்பேச்சை யாரும் படித்துக்காட்ட முடியாது.

மூன்று, பணம் இரண்டு காசோலையாகவோ யு.பி.ஐ. மூலமாகவோ போகட்டும். கலைஞர் தொகை நேரே செட்டின் தலைவருக்கு, தரகு ஏஜென்டுக்கு. கலைஞர் தொகை விழாவன்று இரவு அவர்கள் வேனில் ஏறுவதற்கு முன் சேர்ந்துவிட வேண்டும்.

நான்கு, அச்சாரத்தை வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுக்கும் வழக்கத்தை விடாமல், அதை வாசிப்பவர் கையிலேயே கொடுப்போம்.

ஐந்து, பேரம் பேசினால் யார் பங்கில் பேசுகிறோம் என்று தெரிந்து பேசுவோம். மேடைக்கும் விளக்குக்கும் பேரம் பேசலாம். வாசிப்பவர் கூலியில் வேண்டாம்.

"இதெல்லாம் செய்தால் நல்ல ஏஜென்டுகள் நம் பக்கம் வருவார்களா?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. சிலர் வராமல் போகலாம். ஆனால் சதவீதத்தை வெளிப்படையாகச் சொல்லித் தொழில் செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் தாள் ஒரு தடையாக இருக்காது. யாரும் வராவிட்டால் பெரியவரின் எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன், நேரே பேசுவோம். அதில் அவருக்குச் சங்கடம் ஏதும் வராது என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான். அவர் யாரிடமாவது கட்டுப்பட்டிருந்தால் நாம் செய்யும் உதவியே அவருக்கு வினையாகிவிடும்.

கடைசியாக ஒன்று. நான் மிச்சம் பிடித்த ஐயாயிரம் விழாக் கணக்கில் இன்னும் இருக்கிறது. அதை அந்த ஆறு பேருக்கே சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். சிலர் "முடிந்த கணக்கை ஏன் கிளற வேண்டும்?" என்றார்கள். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், சாயங்காலம் கல்லாவில் ஐயாயிரம் அதிகமாக இருந்தால் நாங்கள் வீட்டுக்குப் போக மாட்டோம். யாருடையது என்று கண்டுபிடிக்கும்வரை உட்கார்ந்திருப்போம். இது யாருடையது என்று நமக்குத் தெரிந்தே இருக்கிறது.

உங்கள் கருத்தை அடுத்த கூட்டத்துக்கு முன் செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.