பிறப்பால் அடிமை: எந்த ஆண்டு முதல்?

(வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘உயர்வு தாழ்வு காலங்காலமாக இருப்பது, யாரும் உண்டாக்கியதல்ல’ என்று சொல்பவர்களை விர்ஜீனியாவின் பழைய சட்டங்களைப் படிக்கச் சொல்வேன். வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் நிலையாகக் குடியேறிய முதல் காலனி அது. 1619 சூலையில் அங்கே ஜேம்ஸ்டவுனில் சட்டமன்றம் முதன்முறையாகக் கூடியது. அடுத்த மாதமே கப்பலில் வந்த இருபதுக்கும் சற்று அதிகமான ஆப்பிரிக்கர்களை உணவுப் பொருள் கொடுத்து வாங்கினார்கள்.

அன்று புகையிலைத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலேய ஏழைகள். கப்பல் கட்டணத்துக்காகச் சில ஆண்டு உழைப்பை எழுதிக் கொடுத்தவர்கள். விடுதலை பெற்று நிலம் வைத்திருந்த கறுப்பர்களும் சிலர் உண்டு. இரு நிறத்தாரும் சேர்ந்து உழைத்தார்கள், சேர்ந்தே தப்பியோடினார்கள். 1640இல் அப்படி ஓடிய மூவர் பிடிபட்டனர். மூவருக்கும் 30 சவுக்கடி. பிறகு ஐரோப்பியர் இருவருக்கும் கூடுதலாக 4 ஆண்டு வேலை; ஜான் பஞ்ச் என்ற கறுப்பருக்கு மட்டும் ஆயுள் முழுக்க. ஒரே குற்றத்துக்கு ஆளுக்கொரு தண்டனை. மனுதர்மம் படித்த நமக்கு இது புதிதல்ல.

எலிசபெத் கீ என்ற பெண்ணின் தாய் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர், தந்தை ஆங்கிலேயர். தந்தையின் நிலையே பிள்ளைக்கும் என்ற ஆங்கில வழக்கத்தையும், தான் கிறிஸ்தவர் என்பதையும் காட்டி வழக்காடி, 1656இல் விடுதலை பெற்றார். சட்டமன்றத்தில் இருந்தவர்கள் ஆண்டைகள். இரண்டு கதவையும் அடைத்தார்கள். 1662இல், பிள்ளைக்குத் தாயின் நிலைதான் என்று சட்டம் வந்தது. ஆண்டை தன் அடிமைப் பெண்ணைக் கெடுத்துப் பெற்ற பிள்ளையும் அவனுக்கே சொத்தானது. 1667இல், ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமையே என்றார்கள்.

1676இல் நதானியேல் பேகன் என்ற தோட்ட முதலாளி ஆளுநரை எதிர்த்துக் கிளம்பினார். பழங்குடி மக்களைக் கொன்றவர் அவர். நமக்கு நாயகர் அல்ல. ஆனால் அவர் படையில் வெள்ளைக் கூலிகளும் கறுப்பு அடிமைகளும் ஒன்றாக நின்றார்கள். ஜேம்ஸ்டவுன் எரிந்தது.

அதன்பின் வந்த சட்டங்களைப் பாருங்கள். 1691இல், கறுப்பரையோ பழங்குடியினரையோ மணக்கும் வெள்ளையர் 3 மாதத்துக்குள் காலனியிலிருந்து வெளியேற்றப்பட வேண்டும் என்றது சட்டம். 1705இல் அடிமைகள் நிலத்தைப் போல அசையாச் சொத்து ஆனார்கள். அதே ஆண்டு, ஒப்பந்தம் முடிந்து வெளியேறும் வெள்ளைக் கூலிக்கு மக்காச்சோளமும் 30 ஷில்லிங்கும் ஒரு துப்பாக்கியும் தர வேண்டும் என்று எழுதினார்கள். அவருடைய வறுமை தீரவில்லை. அவருக்குக் கீழே ஒருவரை வைத்துவிட்டார்கள்.

சாதியைக் கட்டிக் காப்பது அகமணமே என்று அம்பேத்கர் 1916இல் அதே அமெரிக்காவில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் விளக்கினார். விர்ஜீனிய ஆண்டைகளும் திருமணத்துக்குக் காவல் போட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்தத் தடை வடிவம் மாறி மாறி 1967 வரை நீடித்தது. ரிச்சர்ட் லவிங், மில்ட்ரெட் லவிங் இணையரின் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் அதை ஒழித்தது. இடையில் 276 ஆண்டுகள்.

மனிதர்கள் எழுதியதை மனிதர்கள்தான் அழிக்க வேண்டியிருந்தது. எனவே தோழர்களே, ‘இது இயற்கை’ என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டு எழுதியது, எழுதியவர் யார், ஆதாயம் யாருக்கு என்று கேளுங்கள்.