கஜானா சாவி யார் கையில்?



ஒரு நாட்டுக்குள் அந்நியப் படை புகுந்துவிட்டது என்றதும் நம் கண்முன் வருவது பீரங்கியும் துப்பாக்கியும்தான். நான் இன்று பேசப்போவது அதற்குப் பிந்தைய நாட்களைப் பற்றி. படை இறங்கியாயிற்று. ஊர் அடங்கியாயிற்று. கடைகளும் திறந்தாயிற்று. இனி அந்த நாட்டின் வரிப்பணம் யார் கைக்குப் போகும்? போலீஸ் யார் சொல் கேட்கும்? சட்டத்தை யார் எழுதுவார்கள்? இறையாண்மை என்று நாம் சொல்லும் பெரிய சொல் இந்த மூன்று கேள்விகளுக்குள் அடங்கியிருக்கிறது. இதைக் கண்ணெதிரே காட்டும் நாடு ஹைட்டி. 1915 முதல் 1934 வரை 19 ஆண்டுகள் அது அமெரிக்க ராணுவத்தின் பிடியில் இருந்தது.

கரீபியன் கடலில், கியூபாவுக்குக் கிழக்கே, ஒரு பெரிய தீவின் மேற்குப் பகுதிதான் ஹைட்டி. பிரெஞ்சு முதலாளிகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்கள் ஆயுதம் எடுத்துப் போராடி, நெப்போலியனின் படையையே தோற்கடித்து, 1804 ஜனவரி 1-ம் தேதி விடுதலையை அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு எழுதிய அரசியல் சாசனத்தில், வெள்ளையர் யாரும் இந்த மண்ணில் சொத்து வாங்கக் கூடாது என்று விதித்தார்கள். தோட்ட முதலாளி மறுபடி வந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்ற பயம் அவர்களுக்கு. முதுகில் சாட்டைத் தழும்போடு வாழ்ந்தவர்களின் பயம் அது.

அந்த வெற்றிக்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, எங்கள் முதலாளிகள் இழந்த சொத்துக்கு நஷ்டஈடாக 150 மில்லியன் பிராங்க் கொடு என்று மிரட்டியது. பின்னால் தொகையைக் குறைத்தார்கள். ஆனாலும் அதைக் கட்டுவதற்கே ஹைட்டி பாரீஸில் கடன் வாங்க வேண்டியதாயிற்று. தன் விடுதலைக்கே வட்டி கட்டிய தேசம் அது. அந்தக் கடன்தான் பின்னாளில் அந்நியர்கள் உள்ளே வரக் கதவைத் திறந்துவிட்டது.

1914 டிசம்பர் 17-ம் தேதி. தலைநகரம் போர்ட்-ஓ-பிரின்ஸ். மச்சாயஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து மரைன் படை வீரர்கள் இறங்கி, நேராக ஹைட்டியின் தேசிய வங்கிக்குப் போனார்கள். அங்கிருந்த தங்கத்தை எடுத்துக் கப்பலில் ஏற்றினார்கள். மதிப்பு 5 லட்சம் டாலர். தங்கம் நியூயார்க்குக்குப் போய், நேஷனல் சிட்டி பேங்கின் பெட்டகத்தில் சேர்ந்தது. தேசிய வங்கி என்று பெயர்தான். அதன் பங்குகள் பிரெஞ்சு, அமெரிக்க முதலீட்டாளர்கள் கையில் இருந்தன. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அப்போது ஆக்கிரமிப்பு தொடங்கவே இல்லை. படை வந்து தங்குவதற்கு ஏழு மாதம் முன்பே பணம் போய்விட்டது.

1915 ஜூலையில் ஹைட்டியில் பெரும் ரத்தக்களரி நடந்தது உண்மை. ஜனாதிபதி வில்ப்ரன் கியோம் சாம் ஆட்சியில், சிறையில் இருந்த அரசியல் கைதிகள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். கொதித்தெழுந்த கூட்டம் ஜனாதிபதியையே வெளியே இழுத்துவந்து கொன்றது. அதே நாளில், ஜூலை 28 அன்று, அட்மிரல் கேப்பர்டனின் உத்தரவில் அமெரிக்கப் படை கரையிறங்கியது. ஒழுங்கை நிலைநாட்ட வந்திருக்கிறோம் என்றார்கள். அந்த ஒரு நாள் கலவரத்தை அடக்க வந்தவர்கள் 19 ஆண்டுகள் போகவில்லை.

சரி, எப்படி ஆண்டார்கள்? ஹைட்டியின் கொடியை அவர்கள் இறக்கவில்லை. ஜனாதிபதி பதவியை ஒழிக்கவில்லை. நாடாளுமன்றத்தைக் கூட்டி, மரைன் வீரர்கள் காவல் நிற்க, தங்களோடு ஒத்துப்போகக் கூடிய சுத்ரே தார்திகனாவ் என்பவரை ஆகஸ்டில் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்க வைத்தார்கள். மக்களிடையே செல்வாக்குள்ள ரொசால்வோ போபோ ஒதுக்கப்பட்டார். கையோடு துறைமுகங்களின் சுங்க அலுவலகங்களைக் கைப்பற்றினார்கள். அந்தக் காலத்து ஹைட்டி அரசுக்கு வருமானம் என்றால் பெரும்பாலும் சுங்க வரிதான். காப்பி ஏற்றுமதியாகும்போது வரி, துணியும் மாவும் இறக்குமதியாகும்போது வரி. அதைப் பிடித்தால் அரசாங்கத்தின் குரல்வளையைப் பிடித்த மாதிரி.

பிறகு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. சுங்க வசூலுக்கு ஓர் அமெரிக்க அதிகாரி. வரவு செலவைப் பார்க்க ஓர் அமெரிக்க நிதி ஆலோசகர். ஹைட்டியின் பழைய ராணுவத்துக்குப் பதிலாக ஜெண்டார்மரி என்ற புதிய படை. அதன் அதிகாரிகள் அமெரிக்கர்கள். அமெரிக்கா சம்மதிக்காமல் ஹைட்டி புதுக் கடன் வாங்கக் கூடாது, வருவாய் குறையும்படி சுங்க வரி விகிதத்தை மாற்றக் கூடாது. இத்தனைக்கும் நடுவே, ஹைட்டியின் சுதந்திரத்தைக் காப்பதற்காக இந்த ஏற்பாடு என்ற வாசகமும் இருந்தது. ஊரில் ராணுவச் சட்டம். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. இந்தச் சூழலில் போட்ட கையெழுத்தை விருப்பத்தோடு போட்டது என்று யார் சொல்ல முடியும்?

நிதி ஆலோசகர் என்றால் ஆலோசனை சொல்பவர் என்றுதானே நினைப்போம்? 1920-ல் நடந்ததைக் கேளுங்கள். வெளிநாட்டு நாணயத்தை இறக்குமதி செய்யும் உரிமையைத் தேசிய வங்கிக்கு மட்டுமே கொடுக்கும்படி ஒரு திட்டம் வந்தது. அதற்குள் அந்த வங்கி நியூயார்க்கின் நேஷனல் சிட்டி பேங்க் கைக்கு வந்திருந்தது. ஹைட்டி அரசு மறுத்தது. அமெரிக்க நிதி ஆலோசகர் ஜான் மெக்கில்ஹென்னி என்ன செய்தார் தெரியுமா? ஹைட்டி ஜனாதிபதியின் சம்பளத்தை நிறுத்திவிட்டார். மந்திரிகளின் சம்பளத்தையும், அரசுக் கவுன்சில் உறுப்பினர்களின் சம்பளத்தையும் நிறுத்திவிட்டார். அது ஹைட்டி மக்கள் கட்டிய வரிப்பணம். அந்தப் பணத்திலிருந்து தன் மாதச் சம்பளத்தை வாங்க, ஒரு நாட்டின் ஜனாதிபதி அந்நிய அதிகாரியின் தயவுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்கர்களே கொண்டுவந்து உட்கார வைத்தவர்தான் தார்திகனாவ். அவர் ஒரு முறை இல்லை என்று சொன்னதற்குக் கிடைத்தது இது.

இனி, சட்டத்தை எழுதிய கதை. வெளிநாட்டவர் நிலம் வாங்கலாம் என்று சாசனத்தை மாற்ற வேண்டும் என்பது வாஷிங்டனின் விருப்பம். 1917-ல் ஹைட்டி நாடாளுமன்றம் இதற்கு இணங்கவில்லை; தானே வேறொரு சாசனத்தை நிறைவேற்ற முற்பட்டது. உடனே ஜெண்டார்மரித் தலைவரான அமெரிக்க அதிகாரி ஸ்மெட்லி பட்லர், ஜனாதிபதியின் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, அவைக்குள் போய் உறுப்பினர்களைக் கலைத்தார். அடுத்த ஆண்டு ஜூனில், புதிய சாசனத்தைப் பொதுவாக்கெடுப்புக்கு விட்டார்கள். மக்களில் மிகப் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகள். வாக்குச்சாவடியை நடத்தியது அதே ஜெண்டார்மரி. ஆதரவாக 98,225 ஓட்டு, எதிராக 768. நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற நிலச் சட்டம் இப்படித்தான் விழுந்தது. ஆக்கிரமிப்பு அரசு அதுவரை செய்த அத்தனை செயலும் செல்லும் என்றும் அந்தச் சாசனத்திலேயே எழுதிவைத்தார்கள். அதன் பிறகு 1930 வரை ஹைட்டியில் மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றமே கிடையாது. அந்தச் சாசனத்தை எழுதியதே நான்தான் என்று 1920 அமெரிக்கத் தேர்தல் மேடையில் பெருமை பேசியவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். அவர் அப்போது துணை ஜனாதிபதி பதவிக்கான வேட்பாளர். உண்மையில் எழுதியவர்கள் வேறு அதிகாரிகள். ஆனால் இன்னொரு தேசத்தின் சாசனத்தை நான் எழுதினேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளத் தோன்றுகிறதே, அந்த மனநிலைதான் ஆக்கிரமிப்பு.

நேயர்களே, இதெல்லாம் தலைநகரத்து விவகாரம். கிராமத்து விவசாயிக்கு ஆக்கிரமிப்பு வேறு உருவத்தில் வந்தது. கொர்வே என்று ஒரு பழைய சட்டம் உண்டு. 1864-ல் போட்டது, ஏட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. வரி கட்ட முடியாதவன் அதற்குப் பதில் சாலை வேலை செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். 1916-ல் பட்லர் அதைத் தூசி தட்டி எடுத்தார். விவசாயிகளைப் பிடித்து, சொந்த ஊரிலிருந்து வெகு தூரம் கொண்டுபோய், கயிற்றால் பிணைத்து வேலை வாங்கினார்கள். ஓட முயன்றவர்களைச் சுட்டார்கள். துப்பாக்கி பிடித்த வெள்ளையர் மேற்பார்வையில் கூலியில்லாத வேலை. இவர்களின் பாட்டனும் பூட்டனும் எதை எதிர்த்துச் செத்தார்களோ, அதுவே திரும்பி வந்துவிட்டது.

கிளர்ச்சி வெடித்தது. அதன் தலைவர் ஷார்லமாஞ் பெரால்ட், இன்ச் என்ற ஊர்க்காரர், பழைய ராணுவ அதிகாரி. அவரைப் பிடித்துக் கடுங்காவல் தண்டனை கொடுத்து, கைதி உடையில் தெருக் கூட்ட வைத்தார்கள். 1918-ல் தப்பி மலைக்குப் போனார். ஆயிரக்கணக்கான விவசாயிகள் பின்னால் திரண்டார்கள். பெரும்பாலோர் கையில் இருந்தது வெட்டரிவாள். 1919 அக்டோபர் 31 இரவு, முகத்தில் கரி பூசி வேஷம் போட்டு வந்த இரண்டு மரைன் வீரர்கள், காட்டிக்கொடுத்தவன் உதவியோடு முகாமுக்குள் நுழைந்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். உடலை ஒரு கதவில் கட்டி நிறுத்திப் படம் எடுத்து, அந்தப் படத்தை ஊர் ஊராகப் பரப்பினார்கள். மக்கள் பயப்படுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். இடுப்பில் ஒரு துணி, சாய்ந்த தலை, பின்னால் ஒரு கொடி. மக்களுக்கு அது சிலுவையில் அறையப்பட்ட இயேசுவாகத் தெரிந்தது. பயமுறுத்த எடுத்த படம் வழிபாட்டுப் படமாயிற்று. ஆனால் உயிர்ச்சேதம் கொடூரமானது. ஐந்தாண்டுகளில் ஹைட்டியர் 3,250 பேர் கொல்லப்பட்டதாக 1920-ல் அறிக்கை தந்தவர், மரைன் படையின் தலைவராக இருந்த ஜெனரல் பார்னெட்.

நல்லது எதுவும் நடக்கவில்லையா என்று கேட்பீர்கள். நடந்தது. சாலைகள் வந்தன, பாலங்கள் வந்தன, ஆஸ்பத்திரிகள் வந்தன, தலைநகரில் தானியங்கித் தொலைபேசி வந்தது. இதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. ஆனால் அவற்றுக்கான பணம் ஹைட்டியின் பணம். அமெரிக்க நிபுணர்களின் சம்பளமும் அதிலிருந்துதான் போனது. எந்தச் சாலை முதலில், எந்தக் கடன் முதலில் என்று தீர்மானிக்கும் உரிமை மட்டும் ஹைட்டியர்களுக்கு இல்லை. 1922-ல் நியூயார்க் வங்கியிடம் 16 மில்லியன் டாலர் புதுக் கடன் வாங்க வைத்தார்கள். வசூலாகும் வருவாயில் கடன்காரர்களின் பங்கு முதலில் போய்விடும். பள்ளிக்கூடத்துக்கும் கிராமத்துக்கும் மிச்சம்தான்.

எதிர்ப்பு ஓயவில்லை. கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் 1920-ல் நேரில் போய்ப் பார்த்து, தி நேஷன் இதழில் எழுதி அமெரிக்கர்களின் மனசாட்சியை உலுக்கினார். ஹைட்டியில் பத்திரிகையாளர் ஜோலிபுவா திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார். 1928-ல் ழான் ப்ரைஸ்-மார்ஸ் எழுதிய புத்தகம், கிராமத்து மக்களின் கதைகளும் நம்பிக்கைகளும்தான் நம் சொத்து என்று படித்த வர்க்கத்துக்கு உரைத்தது. 1929 அக்டோபர் கடைசியில், உதவித்தொகையைக் குறைத்ததற்காக விவசாயக் கல்லூரி மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். வேலைநிறுத்தம் சுங்க ஊழியர்கள் வரை பரவியது. டிசம்பர் 6-ல், லே காய் ஊருக்கு அருகே, வரிச்சுமை தாங்காமல் திரண்டு வந்த விவசாயிகள் மீது மரைன்கள் சுட்டார்கள். குறைந்தது 12 பேர் இறந்தார்கள். அந்தச் சத்தம் வாஷிங்டன் வரை கேட்டது. அமெரிக்க ஜனாதிபதி ஹூவர் விசாரணைக் குழு அனுப்பினார். 1930-ல் தேர்தல் நடந்தது. 1934 ஆகஸ்டில் கடைசிப் படைப்பிரிவு கப்பல் ஏறியது.

அப்போதாவது முடிந்ததா? ஹைட்டியின் நிதி மீதான அமெரிக்கக் கட்டுப்பாடு முழுதாக நீங்கியது 1947-ல்தான். படை போன பிறகும் 13 ஆண்டுகள் கணக்குப் புத்தகம் அந்நியர் பார்வையில்தான் இருந்தது. அவர்கள் உருவாக்கிய ராணுவமும் தங்கிவிட்டது. வெளிநாட்டு எதிரியோடு போரிட உருவான படை இல்லை அது. சொந்த மக்களை அடக்கப் பழக்கிய படை. பின்னாளில் ஜனாதிபதிகளை ஏற்றுவதும் இறக்குவதும் அதன் தொழிலாயிற்று.

இன்றும் உலகில் எங்காவது ஒரு படை, கொஞ்ச நாளைக்குத்தான், உங்கள் நன்மைக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு அடுத்தவர் மண்ணில் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தச் செய்தியைக் கேட்கும்போது, அங்கே ஜனாதிபதி இருக்கிறாரா, கொடி பறக்கிறதா என்று மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். வசூலாகும் வரி எந்த வங்கிக்குப் போகிறது, போலீஸ் அதிகாரியை யார் நியமிக்கிறார்கள், நிலச் சட்டத்தை யார் திருத்தினார்கள் என்று கேளுங்கள். இவை அந்த நாட்டு மக்கள் கையில் இல்லை என்றால், தேர்தலே நடந்தாலும் அது ஆக்கிரமிப்புதான். ஒழுங்கும் சாலையும் மருத்துவமனையும் எந்த நாட்டுக்கும் தேவைதான். அவற்றைத் தானே தேர்ந்து, தானே தவறு செய்து, தானே திருத்திக்கொள்ளும் உரிமையைப் பறித்துக்கொண்டு கொடுக்கும் எதையும் உதவி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஹைட்டி மக்கள் அந்த உரிமைக்காக இரண்டு முறை போராடினார்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போது வறுமையை மட்டும் சொல்லி நிறுத்தாமல், அந்த வறுமைக்கு யார் யார் கணக்கு எழுதினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.