பூசணத்தில் விளையும் இனிப்பு



ஹங்கேரி நாட்டின் வடகிழக்கில் டொக்காய் என்றொரு சிற்றூர் உண்டு. அதைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் விளையும் திராட்சையிலிருந்து ‘டொக்காய் அசூ’ என்னும் இனிப்பு ஒயினைச் செய்கிறார்கள். கள்ளும் சம்சுவும் நம் தோட்டங்களில் எத்தனை குடும்பங்களைக் குலைத்தன என்பதை அறிந்தவன் நான். ஆகவே யாரையும் குடிக்கச் சொல்ல வரவில்லை. அந்தப் புட்டிக்குப் பின்னால் இருக்கும் உழைப்பைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

போட்ரோக், திஸ்ஸா என்ற இரண்டு ஆறுகள் டொக்காயில் கூடுகின்றன. இலையுதிர் காலத்துக் காலை வேளைகளில் ஆற்றிலிருந்து மூடுபனி எழுந்து கொடிகளின்மேல் படியும். அந்த ஈரத்தில் பழுத்த திராட்சையின்மேல் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்து, தோலில் நுண்ணிய துளைகளை இடும். பகல் வெயிலில் அத்துளைகளின் வழியே நீர் ஆவியாகும். பழம் சுருங்கும்; சர்க்கரையும் புளிப்பும் உள்ளே செறியும். மழை விடாது பெய்தாலோ, அதே பூசணம் பழத்தை அழுகச் செய்துவிடும்.

ஒரு குலையிலுள்ள பழங்கள் எல்லாம் ஒரே நாளில் சுருங்குவதில்லை. ஆகையால் பறிப்பவர்கள் அதே கொடிக்குப் பலமுறை திரும்பி வந்து, பக்குவமான பழங்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுக்கிறார்கள். எது பக்குவம், எது வெறும் அழுகல் என்று கண்ணும் விரலும் சொல்லவேண்டும். பால்மரம் சீவுகிறவர், பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் போகலாம் என்பதைக் கையாலேயே அறிவாரல்லவா? அதுபோன்ற அறிவு இது. நாள் முழுதும் பறித்தாலும் சில கிலோதான் சேரும்.

பழத்தைச் சுமக்கும் தொட்டிக்குப் ‘புட்டோன்’ என்று பெயர். 136 லிட்டர் பீப்பாய்க்கு எத்தனை தொட்டிப் பழம் சேர்ந்தது என்பதைக் கொண்டே முன்பு இனிப்பை அளந்தார்கள். இப்போது சர்க்கரையை அளந்தே கணக்கிடுகிறார்கள். 2013ஆம் ஆண்டு முதல் உள்ள விதிப்படி, ஒரு லிட்டரில் 120 கிராம் சர்க்கரையாவது இருக்கவேண்டும். பழத்தைப் புதுச் சாற்றிலோ ஒயினிலோ ஊறவைத்துப் பிழிந்து, நொதிக்கவிட்டு, நிலவறைகளில் மரப் பீப்பாய்களில் முதிரவைப்பார்கள். நல்ல புட்டி பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கும்.

பழைய புட்டியைத் திறந்தால், சற்றே குளிரவைத்துச் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம்தான் ஊற்றுவார்கள். முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள். இளமையில் பொன்னிறமாக இருந்தது, வயதானபின் பால் ஊற்றாத தேநீரின் நிறத்துக்கு வந்துவிடும். அடுத்து மணம்: உலர்ந்த அத்தி, அக்ரூட், காய்ச்சிய சர்க்கரைப்பாகு. வாயில் இனிப்பு முன்னே வரும். புளிப்பு பின்னே வந்து நாவைத் துடைத்துவிடும். அந்தப் புளிப்பு இல்லையென்றால் அது வெறும் பாகுதான்.

இதற்குத் துணையாக வாத்து ஈரலையோ, நீலப் பூசணம் படர்ந்த உப்புக் கரிக்கும் பாலாடைக்கட்டியையோ வைப்பார்கள். கொழுப்பின் திகட்டலைப் புளிப்பு தீர்க்கும். உப்பு இனிப்பை எடுத்துக்காட்டும். பாயசத்தோடு அப்பளத்தை நொறுக்கிச் சாப்பிடும் நமக்கு இது புதிதன்று. ஆனால் பலகாரம் ஒயினைவிட இனிப்பாக இருக்கக்கூடாது. லட்டு தின்ற வாய்க்குச் சர்க்கரை போட்ட தேநீரும் சப்பென்று இருப்பதுபோல, ஒயினின் இனிப்பு அடங்கிப்போகும்.

நேயர்களே, டொக்காய் வட்டாரத்தை 2002இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. புட்டியின்மேல் ஊரின் பெயர் இருக்கும், விளைந்த ஆண்டும் இருக்கும். பழத்தைப் பறித்தவர் பெயர் இருக்காது. தோட்டத்தில் வாழும் நமக்கு இது தெரிந்த கதைதான். உங்கள் பிள்ளைகள் கடையில் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும், “இது யார் கையால் வந்தது?” என்று கேட்கப் பழக்குங்கள். அப்படிக் கேட்கும் பிள்ளை, தன் தாய் தந்தையரின் கை காய்த்துப் போயிருப்பதைக் கண்டு வெட்கப்படாது.