கூரைச் சட்டத்திற்கு உரிய மரம்

மச்சுப் பலகையால் மறைக்கப்படாமல், கீழிருந்து அண்ணாந்து நோக்குவார் கண்ணுக்குப் புலனாகும் முக்கோணக் கூரைச் சட்டங்களைப் பழைய மண்டபங்களில் நாம் கண்டிருக்கிறோம். பொறியாளர்கள் இவற்றை ‘டிரஸ்’ என்பர். இதற்கு மரம் வாங்கச் செல்வோர் முதலிற் கேட்பது, “தேக்கா, சாலா?” என்பதே. அதற்கும் முன்னே கேட்கத்தக்க வினா ஒன்று உண்டு: மரம் உலர்ந்ததா?

தேக்கு கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ எடையுள்ளது. இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் காடாகச் செழிக்கும் சால் ஏறத்தாழ 800 கிலோ. ரயில் பாதைக் கட்டையாக நெடுங்காலம் உழைத்த அம்மரம் வலிமையில் தேக்கை விஞ்சும். ஆயின் அது மிக மெல்ல உலர்வது. உலருங்கால் மேற்பரப்பு வெடிக்கும். தேக்கோ குறைவாகவே சுருங்கும். எனினும், பச்சைத் தேக்கினும் நன்கு உலர்ந்த சாலே மேல் என்பது நம் கருத்து.

மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதில்லை; குறுக்குவாக்கிலேயே ஒடுங்கும். 25 சென்டிமீட்டர் அகலமுள்ள பச்சைச் சால் விட்டம் காய்ந்தபின் அரை சென்டிமீட்டருக்கு மேலும் குறையக்கூடும். அப்போது போல்ட்டுகளின் பிடி தளரும், இணைப்புகள் அசையும், சட்டம் நடுவே தொய்யும். நாம் கண்ட ஒரு பள்ளி மண்டபத்தில், இரண்டு கோடைகள் கழிந்ததும் நட்டுகளை விரலாலேயே சுழற்ற முடிந்தது. கீழே பிள்ளைகள் அமர்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தனர்.

ஈரத்தை அளப்பது எளிது. முனை விரைவில் காய்ந்துவிடுமாதலால், சற்று உள்ளே தள்ளி ஒரு துண்டு அறுத்து நிறுத்துக்கொள்க. எடை மேலும் குறையாத வரை அதனைச் சூட்டடுப்பில் உலர்த்துக. 130 கிராம் 100 கிராமாகக் குறைந்தால் ஈரம் 30 சதவிகிதம். அம்மரம் இன்னும் பச்சை. வறண்ட உள்நாட்டு ஊர்களில் 12 சதவிகிதத்தை ஒட்டி இருத்தல் நன்று.

அடுத்து, நல்ல துண்டு எங்கே போகவேண்டும்? அடிவிட்டம் இழுவிசையைத் தாங்குவது. அதில் ஓரக்கணுவோ சாய்ந்தோடும் இழையோ இருந்தால் அங்கேதான் பிளவு தொடங்கும். சாய்மரங்கள் அமுக்கத்தைத் தாங்குவன. சிறு கணுக்களை அவற்றில் ஓரளவு பொறுக்கலாம். வெளிப்புறத்து வெள்ளை மரத்தை எங்கும் ஏற்கலாகாது. தேக்கென்ற பெயர் கேட்டு மயங்குவோர் உளர். தேக்கின் வெள்ளையையும் கறையான் விடுவதில்லை. இளமையில் வெட்டிய தோட்டத் தேக்கில் அவ்வெள்ளை மிகுதி.

மறைவின்றி நிற்பதால் இச்சட்டத்தை ஆண்டுதோறும் சோதித்து நட்டுகளை முறுக்கலாம். சுவரில் அமரும் முனைகள்தாம் கண்ணுக்குத் தப்புவன. அவற்றைச் சாந்திட்டு இறுக மூடாமல், சுற்றிலும் காற்றுக்கு இடம் விடுதல் வேண்டும்.