கண்ணோட்டம் பழக்குவோம்

(பகவான் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



பள்ளிப் பிள்ளைகளிடம் பிறர் துயர் உணரும் பண்பை வளர்ப்பது குறித்துப் பேசுமாறு அறக்கட்டளையினர் பணித்துள்ளனர். நாம் இவ்வாறு நீட்டிச் சொல்வதைத் திருவள்ளுவர் 'கண்ணோட்டம்' என்னும் ஒரே சொல்லால் உணர்த்தினார். இக்காலத்தில் அச்சொல் கருத்து, நோக்கு என்னும் பொருளில் வழங்குகிறது. வள்ளுவர் வழக்கிலோ, பழகியவரைக் கண்டவிடத்து மனம் நெகிழ்ந்து இரங்குதலே கண்ணோட்டம். அதனை அவர் பொருட்பாலில், அரசியலில், 58ஆம் அதிகாரமாக வைத்தார். வலிமை உடையவனுக்கே இரக்கம் மிகுதியும் வேண்டும் என்பது இவ்வைப்புமுறையால் பெறப்படும். வகுப்பறையிலும் வலியவர் உளர். நன்கு படிப்பவர், உடல்வலி மிக்கவர், நண்பர் கூட்டம் உடையவர் ஆகியோருக்கே இப்பாடம் முதலில் உரியது.

எறும்பை மிதியாமல் நடக்கவும், கதிரவன் மறையுமுன் உண்ணவும், நீரை வடிகட்டிப் பருகவும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். சத்துணவில் முட்டையைத் தவிர்த்து வாழைப்பழம் பெற்றுக்கொள்ளும் பிள்ளையைக் கண்டு மகிழ்கிறோம். மகிழத்தக்கதே. ஆயின் அப்பிள்ளை, முட்டை உண்ணும் தோழனைக் கண்டு முகம் சுளித்து விலகி அமர்ந்தால், நோன்பு காக்கப்பட்டது, அகிம்சை காக்கப்பட்டதா? நம் உணவு வழக்கத்தைப் பிறர் எள்ளும்போது நம் பிள்ளை எவ்வளவு வருந்துமோ, அவ்வளவு அத்தோழனும் வருந்துவான் அன்றோ?

ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியத்தை நினைவுகூர்வோம். யசோதரன் உயிர்க்கோழியைப் பலியிடவில்லை. தாயின் வற்புறுத்தலால், மாவினால் செய்த கோழியையே வெட்டினான். ஆயினும் கொல்லும் எண்ணம் உள்ளத்தில் இருந்தமையால் தாயும் மகனும் விலங்குப் பிறவிகளில் உழன்றனர். ஒருவனுக்கு இழிவான பட்டப்பெயர் சூட்டுவதும், ஒருத்தியின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்து நகைப்பதும் இத்தகைய செயல்களே. 'விளையாட்டுக்குத்தான் செய்தேன்' என்னும் விடை இங்குச் செல்லாது. மாவினால் ஆனது அக்கோழி. இங்கோ வருந்தும் உயிர் எதிரே நிற்கிறது.

இதற்கு மருந்து யாது? உமாசுவாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் நான்கு பாவனைகளைச் சொல்கிறார். எல்லா உயிர்களிடத்தும் நட்பு, மைத்ரி. குணத்தால் உயர்ந்தோரைக் கண்டு உவத்தல், பிரமோதம். துன்புறுவோரிடம் இரங்குதல், காருண்யம். நெறியில் நில்லாதாரிடம் வெறுப்பின்றி நடுவுநிலை கொள்ளுதல், மாத்யஸ்தம். இந்நான்கும் துறவியர்க்கு மட்டும் உரியன அல்ல. புதிதாகச் சேர்ந்த மாணவனை அருகில் அமர்த்திக்கொள்வது மைத்ரி. முதல் மதிப்பெண் பெற்ற தோழியைப் பொறாமையின்றிப் பாராட்டுவது பிரமோதம். நோயால் வராதவனுக்குப் பாடக் குறிப்பை எழுதிக் கொடுப்பது காருண்யம். வம்பு செய்பவனோடு தானும் வம்பு செய்யாமல், ஆசிரியரிடம் முறையாகத் தெரிவிப்பது மாத்யஸ்தம்; பொறுத்துக்கொண்டு ஊமையாய் இருப்பது அன்று.

பெற்றோரே, மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் 'எத்தனை மதிப்பெண்?' என்று கேட்கிறோம். அதனோடு, 'இன்று யாருடன் அமர்ந்து உண்டாய்? தனித்து உண்டவர் எவரேனும் உண்டா?' என்றும் கேளுங்கள். நாள்தோறும் கேட்கப்படும் வினாவே பிள்ளையின் கண்ணைத் திருப்பும். வீட்டு வேலைக்கு வரும் அம்மையாரிடம் நாம் பேசும் குரலையும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கின்றனர் என்பதை மறவாதீர்கள். நம் குரல் கடுமையாயின் அறிவுரை பயன்படாது.

மாணவச் செல்வங்களே, நாளை பள்ளியில் தனித்து அமர்ந்திருக்கும் ஒருவரைக் காண்பீர்கள். அவரிடம் சென்று பெயரைக் கேளுங்கள். பட்டப்பெயரை அன்று, பெற்றோர் இட்ட பெயரை. அப்பெயரால் அழையுங்கள். இவ்விழாவுக்கு நீங்கள் செய்யும் சிறப்பு அதுவே ஆகும்.

வாழ்க அறம்!