அஞ்சலிச் சுவரொட்டிக்கு முன்னால்

(மாணவர், இளைஞர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கவிதை இன்னொரு நாள் ஆகட்டும். இன்றைக்குச் சாவைப் பற்றிப் பேசலாம். சரியாகச் சொன்னால், சாவுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற நேரத்தைப் பற்றி.

நம்மில் ஒருவர் செத்தால் என்ன செய்வதென்று நமக்குத் தெரியும். ராத்திரியோடு ராத்திரியாகச் சுவரொட்டி, மறுநாள் மறியல், பிறகு உண்மை அறியும் குழு, வீரவணக்கக் கூட்டம். 2016 ஜனவரி 17இல் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா இறந்தபோது செய்தோம். 2017 செப்டம்பர் 1இல் அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா இறந்தபோது செய்தோம். 2019 மே மாதம் மும்பையில் மருத்துவ மேற்படிப்பு படித்த பழங்குடிப் பெண் பாயல் தட்வி இறந்தபோதும் செய்தோம். செய்தது சரி. செய்யாமல் விட்டிருந்தால், 'படிக்க முடியலை, செத்துட்டாங்க' என்று கோப்பை மூடியிருப்பார்கள்.

ஆனா ஒரு கேள்வி. செத்த பிறகு என்ன செய்யணும்னு தெரிஞ்ச நமக்கு, அதுக்கு முந்தின ராத்திரி என்ன செய்யணும்னு தெரியுமா? உங்க ஊர்ல, உங்க தாலுகாவுல, அந்த நேரத்துக்கு யாரைக் கூப்பிடணும், எந்த வாசலுக்குப் போகணும்? கை தூக்கச் சொன்னால் எத்தனை கை எழும்?

உடனே ஒரு மறுப்பு வரும். 'தோழர், இது மனநோய் இல்லை, சாதி. இதை நிறுவனக் கொலைன்னு சொல்றோம். நீங்க மாத்திரையைக் கொடுத்துச் சாதியை மறைக்கப் பாக்குறீங்களா?' நியாயமான சந்தேகம்தான். 'அவனுக்கு மனசு சரியில்லை' என்று சொல்லியே ஆதிக்க சாதிகள் தப்பித்து வந்திருக்கின்றன. ஆனால் அரிவாள் வெட்டு வாங்கியவனை நாம் என்ன செய்கிறோம்? வெட்டியது சாதி என்பதற்காக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்கிறோமா? ஒரு பக்கம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார், இன்னொரு பக்கம் தையல். மனசில் விழுகிற வெட்டுக்கும் அதே முறைதான். வழக்கு வேறு, வைத்தியம் வேறு, இரண்டுமே அரசியல்.

ரோகித்தின் கடைசிக் கடிதத்தில் ஒரு கணக்கு இருந்தது. ஏழு மாத ஆய்வு உதவித்தொகை, 1,75,000 ரூபாய் வர வேண்டும் என்ற கணக்கு. இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, 2015 டிசம்பரில், துணைவேந்தருக்கு எழுதிய கடிதத்திலேயே சாவைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது. கசந்த எள்ளலோடு எழுதியிருந்தார். எள்ளல்தானே என்று கடந்துபோவது யாருக்கும் சுலபம்.

நான் வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவன். கல்வி உதவித்தொகை ஏறிவிட்டதா என்று பாஸ்புக்கை நீட்டுகிற பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். 'இன்னும் வரலை தம்பி.' அடுத்த வாரமும் அதே பதில். விடுதியில் மெஸ் பாக்கி ஏறிக்கொண்டே இருக்கும். மூன்றாவது மாதம் சில பிள்ளைகள் கேட்பதையே விட்டுவிடுகிறார்கள். கேட்கிறவனைவிட, கேட்பதை நிறுத்தியவனைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பேச்சு குறைவது, தூக்கம் கெடுவது, பிரியமான பொருளை எடுத்துக் கொடுத்துவிடுவது, 'இனி யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்' என்பது, ரொம்ப நாள் தவித்தவன் திடீரென்று அமைதியாவது. இவற்றில் ஒன்றைப் பார்த்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள். நேராகவே கேளுங்கள்: 'செத்துரலாம்னு தோணுதா?' கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறோம். அப்படி ஆவதில்லை, கேட்டால் பாரம் இறங்குகிறது. புத்தி சொல்லாதீர்கள், கோழை என்று சொல்லாதீர்கள், தனியாக விடாதீர்கள்.

அந்த நேரம் பெரும்பாலும் குறுகியது. அதைத் தாண்ட வைத்தால் உயிர் நிற்கும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுவான ஓரிடத்தில் ஆளுக்கொரு பெட்டியில் பூட்டி வைத்துப் பார்த்தார்கள். அந்தக் கிராமங்களில் தற்கொலையும் தற்கொலை முயற்சியும் குறைந்ததாக 2013இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இதை நம்ம சேரிகளிலும் செய்யலாம். கூலிக்கு மருந்தடிக்கிற நம் சனங்களின் வீட்டில்தான் அந்த டப்பா கிடக்கிறது.

இனி முகவரி. 14416: டெலி மனாஸ், 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், ராப்பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். 104: மாநில அரசின் உதவி எண். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா: 044-24640050. உயிருக்கு ஆபத்து என்றால் 108. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. அதன் மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் வருவார். உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை என்று நேரில் போய் விசாரித்து எழுதி வையுங்கள். மனநலப் பிரிவு என்றாலே 'கீழ்ப்பாக்கம் கேஸு' என்று சிரிக்கிற பழக்கத்தை விடுவோம். பைத்தியம் என்ற வசவும் தீண்டாமைதான்.

போலீசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் செத்தவர்கள் உண்டு. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309 இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ முயன்றால் மட்டும் 226 என்ற பிரிவு இருக்கிறது. கலெக்டர் அலுவலக வாசலுக்கு நம் சனங்கள் எதைச் சுமந்து போகிறார்கள் என்று தெரிந்தவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதே மனநலச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, மனநல சிகிச்சையில் சாதிப் பாகுபாடு கூடாது என்கிறது. மாவட்டத்தில் அரசின் குறைந்தபட்ச சேவைகூட இல்லையென்றால் வேறிடத்தில் பார்க்கும் செலவை அரசே ஏற்க வேண்டும் என்கிறது. இதைக் கேட்டு இதுவரை எத்தனை மனு கொடுத்திருக்கிறோம்?

கடைசியாக ஒன்று. 'வீரவணக்கம்' என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பயன்படுத்துங்கள். உயிரோடு இருந்தபோது யாரும் கேட்காத ஒரு பிள்ளையின் குரலைச் செத்தபின் ஊரே கேட்டால், தவித்துக்கொண்டிருக்கிற இன்னொரு பிள்ளைக்கு நாம் என்ன பாடம் சொல்கிறோம்? ரோகித்தின் அம்மாவும் பாயலின் அம்மாவும் 2019இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். கல்வி நிலையங்களில் சாதிக் கொடுமையைத் தடுக்க ஏற்பாடு வேண்டும் என்று கேட்டார்கள். இருக்கிற பிள்ளைகள் இருக்கணும் என்பதுதான் அந்த வழக்கு.

அமைப்பாகு என்றார் அம்பேத்கர். அது கூட்டத்துக்கு வருவது மட்டுமில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விடுதி அறைக் கதவைத் தட்டுவதும் அமைப்புதான். நாளைக்கு எதற்குச் சுவரொட்டி அடித்தாலும், கீழே அச்சகத்தின் பெயருக்கு மேல் ஒரு வரி இடம் விடுங்கள். 14416 என்று போடுங்கள். பக்கத்தில், கூப்பிட்டால் எழுந்து வருகிற உங்களில் ஒருவருடைய எண்ணையும் போடுங்கள்.