21-வது பிரிவும் சேலம் சிறையும்



ஃபேர்லேண்ட்ஸில் நாம் கூடியிருக்கிறோம். சேலம் சிறை இங்கிருந்து தொலைவில் இல்லை. அதனால்தான் இன்று சட்டத்தின் ஒரு வாசகத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

உரிய நியாய முறையின்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கக் கூடாது என்று அமெரிக்கர்கள் 1791-ல் தங்கள் அரசியல் சட்டத்தில் எழுதிக்கொண்டார்கள். (அவர்களுடைய அடிமைகளுக்கு அது எட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.) நமது அரசியல் நிர்ணய சபையோ 21-வது பிரிவில் ‘சட்டம் வகுத்த முறை’ என்று போட்டது. ஒரு சொல்தானே என்று எண்ண வேண்டாம். பார்லிமெண்டு ஒரு முறையை வகுத்துவிட்டால், அது நியாயமா என்று கோர்ட்டு கேட்க வழியில்லாமல் போயிற்று!

1950 ஜனவரி 26-ல் அரசியல் சட்டம் அமுலுக்கு வந்தது. பதினாறே நாள் கழித்து, பிப்ரவரி 11-ந் தேதி, சேலம் சிறைத் துப்பாக்கிச் சூட்டில் 22 தோழர்கள் மாண்டார்கள். எந்தச் சட்டம் வகுத்த முறை அது? மே 19-ல், தோழர் ஏ.கே. கோபாலன் வழக்கில், விசாரணையற்ற காவல் செல்லும் என்றே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நீதிபதி பசல் அலி மாறுபட்டு எழுதினார்.

முறையும் நியாயமாக இருக்க வேண்டும் என்று கோர்ட்டு ஒப்புக்கொள்ள 1978-ம் வருஷத்து மேனகா காந்தி வழக்கு வரவேண்டியிருந்தது. விசாரணையற்ற காவலுக்கு இடந்தரும் 22-வது பிரிவு இன்றும் இருக்கிறது.